இரண்டரை மில்லி

எங்கள் தெருவில் எனக்கு ‘கம்பவுண்டர் சார்’ என்று பெயர். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 34 ஆண்டுகள் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது வயது 71. இன்றும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் வீட்டுக்கு முன்னால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மாத்திரையின் நிறத்தைச் சொன்னால் பெயரைச் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வத்தோடுதான் ஒரு பூனையைக் கொன்றேன்.

2006 மழைக்காலம். பொன்னி, என் மனைவி வளர்த்த பூனை. மஞ்சளும் வெள்ளையுமாக நாலு கிலோ இருக்கும். ஒருநாள் சாப்பிடாமல் மூலையில் முடங்கிக் கிடந்தது. தொட்டால் சுட்டது. நான் கணக்குப் போட்டேன். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால். நாலு கிலோவுக்கு 60. நம் கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். ஆக, ஏறக்குறைய இரண்டரை மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து எடுக்கும்போது மனைவி கேட்டாள்: “என்னங்க, அது பூனையாச்சே, குழந்தை மாதிரி குடுக்கலாமா?”

“உடம்புன்னா எல்லாம் ஒண்ணுதான்” என்றேன்.

காலை, மதியம், இரவு என்று வேளை தவறாமல் கொடுத்தேன். மறுநாள் முகமும் பாதங்களும் வீங்கின. அன்று ராத்திரி அவள் மடியில் படுத்துக்கொண்டு ‘குர்ர்ர்’ என்று ஓசை எழுப்பியது. தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். விடிவதற்குள் போய்விட்டது. கொல்லை முருங்கையடியில் புதைத்தேன். “விதி” என்றாள் அவள். நானும் தலையாட்டினேன்.

பதினாறு வருஷம் கழித்து, பேத்திக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அவள் எடுத்து வளர்த்த கடுவன் பூனைக்குட்டி என்னிடம் வந்தது. அதற்குள் மனைவியும் போய்விட்டிருந்தாள். “தாத்தா, இவனை வெச்சுக்கணும்னா நீங்க படிக்கணும்” என்று நிபந்தனை போட்டு, எடின்பரோ பல்கலைக்கழகம் ‘கோர்செரா’வில் நடத்தும் விலங்குகளின் நடத்தை, நலம் பற்றிய படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். பூனைக்குச் சோறு போட ஸ்காட்லாந்து வாத்தியாரா என்று சிரித்தேன். அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியவில்லை. வேகத்தைக் குறைத்து, அடியில் ஓடும் எழுத்தைப் படித்து, நாற்பது பக்க நோட்டில் குறிப்பெடுத்தேன். ருசி பிடித்துப்போய், பூனைக்கென்றே உள்ள இன்னும் இரண்டு படிப்புகளிலும் சேர்ந்தேன்.

முதல் தேர்விலேயே தோற்றேன். பூனை ‘குர்ர்ர்’ என்றால் மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று குறித்தேன். தவறு. வலியிலும் பயத்திலும்கூட அது அப்படி ஓசை எழுப்புமாம். அந்த ராத்திரியின் மடி ஞாபகத்துக்கு வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்தது முதலுதவிப் பாடம். பூனைக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளில் முதலில் நின்றது பாராசிட்டமால். நம் கல்லீரல் அந்த மருந்தை குளுகுரானிக் அமிலத்தோடு சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பிவிடும். அந்தக் கட்டும் வேலைக்கு வேண்டிய நொதி பூனையிடம் போதுமான அளவில் இல்லை. தங்கிப்போகும் மருந்து நஞ்சாகி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் காப்பி நிறத்துக்கு மாறி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு நீலம் பாரிக்கும். முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல. மாற்று மருந்தும் உண்டு: அசிட்டைல்சிஸ்டீன். மனிதர்கள் அளவு மீறி விழுங்கி வரும்போது நான் கையால் எடுத்துக்கொடுத்த அதே மருந்து. நான் வேலை பார்த்த அலமாரியிலேயே இருந்தது.

என் பழைய மருந்தியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாராசிட்டமாலுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பூனையைப் பற்றி ஒரு வரி இல்லை. புத்தகத்தின் மேல் குற்றமில்லை. அது மனிதருக்காக எழுதிய கடிதம். நான்தான் விலாசம் பார்க்காமல் பிரித்துப் படித்திருக்கிறேன். பூனையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் அன்று கால்நடை மருத்துவரிடம் ஓடியிருப்பான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அதன்பிறகு நோட்டில் பாதி பக்கங்கள் என் தப்புகளின் பட்டியலாகவே நிரம்பின. பூனையைப் பாலோடு சேர்த்தே நினைக்கப் பழகியவர்கள் நாம். பாற்கடல் கரையில் நிற்கும் பூனையாகத்தானே கம்பரும் தம்மைச் சொல்லிக்கொண்டார். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். மிச்ச மீன் குழம்பில் பிசைந்த சோற்றை ஆசையாக வைப்போம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் இறைச்சியில் உள்ள ‘டாரின்’ கிடைக்காமல் கண்ணும் இதயமும் கெடும். கடுவன் பூனை மண்ணில் போய்ப் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக் காத்திருக்கக் கூடாது. அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

பூனை வலியை மறைக்கும் பிராணி. அதன் முகத்தை வாசிக்க கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண். பத்துக்கு நாலு வந்தாலே வலிக்கு மருந்து தேவைப்படலாம். சுருங்கிய கண்ணும் தொங்கிய தலையுமாக உட்கார்ந்திருந்த பொன்னியைக் காட்டி, “தூங்குது, எழுப்பாதே” என்று மனைவியிடம் சொன்னவன் நான்.

பழசெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. மேல்நாட்டுப் பூனைகளை மயக்கும் ஒரு செடியைப் பற்றிப் பாடத்தில் வந்தபோது பேத்தி ஆச்சரியப்பட்டாள். நம் கொல்லைக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பதை அவளுக்குச் சொன்னேன். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பொன்னி புரண்டு புரண்டு விளையாடும். அதைப் போட்டுக் காட்டியவள் என் மனைவி. அவள் பூனையைப் பார்த்துப் பூனையைத் தெரிந்துகொண்டவள். நான் மனிதனைத் தெரிந்துகொண்டு பூனைக்கு வைத்தியம் பார்த்தவன்.

பூனையோடு நிற்கவில்லை இந்தக் கணக்கு. எனக்கு அரசு வேலை சோறு போட்டது என்பதற்காக, மகனையும் ஆறு வருஷம் தேர்வு எழுத வைத்தேன். அவன் உள்ளுக்குள் வாடிப்போனதை ‘பையன் அமைதி’ என்று சொல்லிக்கொண்டேன். இன்று சமையல் காண்ட்ராக்ட் எடுத்து, பத்து பேருக்கு வேலை கொடுத்து, சிரித்த முகமாக இருக்கிறான். அவனுக்கும் நான் ஊற்றியது என் எடைக்குப் போட்ட மருந்துதான்.

வயதானவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நமக்குத் தெரிந்தது நிறைய. அது யாருக்குப் பொருந்தும் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. மூன்று படிப்பு முடித்தும் நான் பூனை வைத்தியன் ஆகிவிடவில்லை. எந்த நேரத்தில் வைத்தியரிடம் ஓட வேண்டும் என்று கற்றேன். அதுவே பெரிய படிப்பு.

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் துண்டில் சுற்றிய பூனையோடு வந்தாள். “கம்பவுண்டர் சார், ரெண்டு நாளா சாப்பிடல, உடம்பு சுடுது. ஒரு மருந்து குடுங்களேன்.”

முகத்தைப் பார்த்தேன். காது சரிந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. “உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோம்மா. ஆட்டோவுக்கு நான் சொல்றேன்” என்றேன்.

“நீங்களே 34 வருஷம் மருந்து குடுத்தவராச்சே சார்?”

“மனுஷங்களுக்குத்தாம்மா” என்றேன்.