எந்த ஊரு சரக்குங்க?

சேலத்துக்காரங்க மாம்பழக் கூடைக்கு முன்னாடி நின்னா, விலைக்கு முன்னாடி கேட்கிறது 'எந்த ஊரு காய்ங்க?'தான். பதில் சரியா வரலைன்னா அடுத்த கூடை! 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதே, அதுவும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஆனா, கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் தேடுறப்போ மட்டும் இந்தக் கேள்வி எங்கே போகுதுன்னு தெரியலை. பேரைப் பார்த்தோமா, 'இன்ஸ்டால்' அமுக்கினோமான்னு போயிட்டே இருக்கோம்.

எங்க அண்ணனோட அரசு லேப்டாப்புலதான் நான் முதன்முதலா லினக்ஸ் பார்த்தேன். 2011-ல் ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல, விண்டோஸோட சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. இப்போ எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் உபுண்டு.

2022-ல் வந்த உபுண்டு 22.04-ல் ஒரு விஷயம் பாருங்க. ஃபயர்ஃபாக்ஸை 'ஆப்ட்' மூலமா இன்ஸ்டால் பண்ணினா, வழக்கமான டெப் பேக்கேஜ் வராது. ஸ்நாப் ஸ்டோர்ல இருந்து இறங்கும். சரக்கு நல்ல சரக்குதான், மோஸில்லாவே போடுறது. ஆனா, கடை மாறினதை வெர்ஷன் நம்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற 'ஸ்நாப்'ங்கிற வார்த்தையும் காட்டிக் கொடுக்கும். குரோமியத்துலயும் இதே கதை. அதனாலதான் லினக்ஸ் மின்ட் 2020-ல் ஸ்நாப்புக்கே கதவைச் சாத்துச்சு.

கடையே தப்பானா? 2018 மே மாசம், அதே ஸ்நாப் ஸ்டோர்ல '2048' விளையாட்டு ஒண்ணு பிடிபட்டுச்சு. நாம கட்டம் நகர்த்த, அது பின்னாடி நம்ம பிராசஸர்ல கிரிப்டோ காசு தோண்டிட்டு இருந்துச்சு! நம்ம பழைய லேப்டாப் தாங்குமா?

வழி இருக்கு. 'ஆப்ட் பாலிசி' போட்டா எந்தக் களஞ்சியம்னு வரும். 'ஸ்நாப் ஃபைண்ட்' வெளியிட்டவர் பேரைக் காட்டும், சரிபார்த்தவங்களுக்கு டிக் உண்டு. ஃபிளாட்ஹப்பும் 2023-ல் அந்த டிக்கைக் கொண்டு வந்துச்சு.

ஊர் தெரிஞ்சா பழம் இனிக்கும்னு கேரண்டி இல்லைதான். 2024-ல் 'எக்ஸ்இஸட்' பேக்கேஜ்ல கள்ளக்கதவு வெச்சது, அதைப் பராமரிச்சவங்கள்ல ஒருத்தரே. இருந்தாலும், எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே எதைக் கழட்டணும்னு தெரியும்?

என் கேள்வி இதுதான். இந்த விவரத்தை ஏன் ரெண்டு கிளிக் தள்ளி வைக்கணும்? நாளைக்கு லேப் ரெக்கார்டு வைக்கணும், மெஸ்ல மணி அடிச்சாச்சு. இதுல யாருங்க உள்ளே போய்ப் பார்ப்பா? தேடல் முடிவுலயே, பேருக்குப் பக்கத்துல ஒரு வார்த்தை: டெப்பா, ஸ்நாப்பா, போட்டது யாரு? ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற சிஎஸ்இ மக்களே, இதைக் கையில எடுங்களேன்!