லைன் கிளியர்

அரியலூரில் வீடு, பெரம்பலூர்ப் பக்கம் வேலை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு, ஆனால் எனக்கு வேண்டிய திசையில் அது போகாது. அதனால் தினமும் பஸ்தான், பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால். இந்த இரண்டு ஊரும் சேர்ந்தும் பிரிந்தும் பழகியவை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே திரும்பவும் ஒட்டினார்கள், 2007 நவம்பர் 23இல் திரும்பவும் பிரித்தார்கள். அந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ஒரு கல்லூரியின் கணினி லேப் என் பொறுப்பு. ஒரே சர்வருக்குள் 12 மெய்நிகர் கணினிகள், அதாவது வி.எம்.கள், ஓடுகின்றன. பழைய வீட்டைத் தடுத்து 12 போர்ஷன் ஆக்கி வாடகைக்கு விட்டதுபோலத்தான். அடுப்படி தனி, கதவு எண் தனி. கூரையும் மின் இணைப்பும் ஒன்று. மாணவர்கள் தங்கள் மேசையிலிருந்து இந்தப் போர்ஷன்களுக்குள் நுழைந்து வேலை செய்வார்கள். காலையில் எல்லாக் கதவும் திறக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டு, என் விண்டோஸ் மடிக்கணினியில் பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பட்டியலில் உள்ள முகவரி ஒவ்வொன்றுக்கும் பிங் அனுப்பும். பிங் முடியும்போது பூஜ்யத்தைத் திருப்பித் தந்தால் பச்சை, வேறு எண் தந்தால் சிவப்பு.

பிங் எழுதியவர் மைக் மூஸ், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தவர். 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஏதோ கோளாறு செய்ய, அதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து சட்டென்று எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயர். ஓர் ஒலியை அனுப்பு, எதிரொலி வருகிறதா பார், எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார். ‘ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு வை’ என்று நம் வீடுகளில் சொல்லியனுப்பியது இதைத்தான். போனை எடுக்கக்கூட வேண்டாம், அடித்தால் போதும்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவு மின்சாரம் போய்வந்தது. காலையில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். 12 வரியும் பச்சை. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது லேப் உதவியாளர் வாசலிலேயே நின்றிருந்தார். “சார், எல்லாம் பச்சைன்னீங்க. மூணு மிஷினுக்குள்ள பசங்க யாராலயும் போக முடியல. எக்ஸ்டர்னல் வேற வந்து உக்காந்துட்டாரு.”

சர்வர் தானாக எழுந்தபோது ஒன்பது வி.எம்.கள் எழுந்துவிட்டன. மூன்றுக்கு ‘தானாகத் தொடங்கு’ என்று நான் குறிக்கவே இல்லை. அவை இரவிலிருந்து அணைந்தே கிடந்தன. அணைந்த மிஷின் எப்படிப் பதில் சொன்னது? அந்த மூன்றில் ஒன்றுக்குக் கையால் பிங் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. திரையில் பதில் வந்திருந்தது, 192.168.10.25இலிருந்து. அது என் மடிக்கணினியின் முகவரி! எதிராளியைக் காணாத என் கணினி, ‘போய்ச் சேர முடியவில்லை’ என்று எனக்கே பதில் எழுதியிருக்கிறது. விண்டோஸ் பிங் அதையும் ஒரு பதிலாகக் கணக்கில் சேர்க்கிறது. அனுப்பியது நான்கு, வந்தது நான்கு, இழப்பு பூஜ்யம். அதனால் முடியும்போது அது திருப்பித் தந்ததும் பூஜ்யம்; என் ஸ்கிரிப்ட் பார்த்தது அதை மட்டும். இதற்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று உண்டு: உண்மையான எதிரொலியில் மட்டும் வரும் ‘டி.டி.எல்.=’ என்ற குறியைத் தேடுவது. அதைச் சேர்த்தேன். ஆனால் மனம் ஒப்பவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் தாத்தா நினைவுதான், அவர் சொல்லிக் கேட்ட ரயில் விபத்தின் நினைவும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. வெள்ளம் தண்டவாளத்தின் அடியை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு மகபூப்நகர் ரயில் விபத்துக்காக ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை, அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சர் அழகேசனைச் சாடி மேடைகளில் எழுந்த முழக்கம் தாத்தாவுக்குக் கடைசிவரை மனப்பாடம். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. “லைன் கிளியர் வாங்காமலாடா வண்டி கிளம்பும்?”

லைன் கிளியர் என்பது ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு வாங்கும் அனுமதி. இடையில் வேறு வண்டி இல்லை என்பதற்கு அது உறுதி. தண்டவாளத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்று அந்தக் கேள்வி கேட்பதே இல்லை. அதற்கு மழைக்காலத்தில் விளக்கும் கையுமாக ஆள் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். ரயில்வேயில் அப்படியொரு ரோந்து உண்டு. தன் எல்லை முடியும் இடத்தில் அடுத்த ஆளைச் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள்.

என் ஸ்கிரிப்டையும் நடக்க வைத்தேன். பிங்கை நம்பி மட்டும் பயனில்லை. ஃபயர்வால் தடுத்தால் உயிரோடிருக்கும் மிஷினும் வாய் திறக்காது. அதனால் லினக்ஸ் மிஷின்களில் 22ஆம் போர்ட், விண்டோஸில் 3389 என்று மாணவன் நுழையும் கதவையே தட்டச் செய்தேன். பிறகு எங்கிருந்து தட்டுவது என்ற கேள்வி வந்தது. என் மேசையிலிருந்து திறக்கும் கதவு, பக்கத்துப் போர்ஷனிலிருந்து திறக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு வி.எம்.மிலிருந்தும் மற்ற 11க்கும், ஆக 132 தட்டல்கள். முதல் நாளே ஒரு வேடிக்கை. ஐந்திலிருந்து எட்டுக்கு வழி இருந்தது, எட்டிலிருந்து ஐந்துக்கு இல்லை. நகலெடுத்து உருவாக்கிய இரண்டு வி.எம்.கள் ஒரே முகவரியை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மாதக்கணக்காக அப்படி இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மாணவர் கணக்கு ஒன்றில் உள்ளே போய், ஒரு சின்னக் கோப்பை எழுதி, படித்து, அழித்துவிட்டு வெளியே வரச் சொன்னேன். முன்பு அரை நிமிடத்தில் முடிந்தது இப்போது நாலைந்து நிமிடம் பிடிக்கிறது. தேர்வு நாட்களில் உதவியாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பொறுமை இழப்பார்.

“என்ன சார், இவ்ளோ நேரமா ஓடுது?”

“ஓடலம்மா. நடந்து போய்ட்டு வருது.”