ஐந்து கோழிகளும் ஏழு பேர்ச்சஸ் காணியும்

முட்டை விலை ஏறும்போதெல்லாம் எமது நாட்டில் ஓர் ஆலோசனை தவறாமல் முளைக்கும்: வீட்டுக்கு வீடு கோழி வளர்க்கலாமே! 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போதும் அது முளைத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம், வீட்டில் பயிர் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறைகூட வழங்கினார்கள். ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை இருக்கவில்லை. பயிர் செய்ய நிலமும் இருக்கவில்லை.

அக்காலத்துக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று உச்ச விலை குறித்தது. அந்த விலைக்குக் கடையில் முட்டையைக் கண்டவர் பாக்கியவான். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021 மார்ச் முதல் 1,000 ரூபாய். நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தவருக்குத்தான் அதுவும் முழுமையாகக் கிட்டும். ஒரு நாள் முழுவதும் மலையேறி இறங்கினால் 23 முட்டை! நெருக்கடி வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, தோட்டப்புறக் குழந்தைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்வதாகச் சொல்லியிருந்தது. நாடு முழுவதற்குமான அளவு 17.3 சதவீதம். எனவே இந்த மலைகளில் ஒரு முட்டை என்பது சாதாரணப் பொருள் அல்ல.

முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததற்கான காரணங்களில் ஒன்று எமது மாகாணத்திலேயே இருந்தது. கோழித்தீவனத்தின் பெரும்பகுதி சோளம். சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் ஒன்று மொனராகலை. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். சோளக்காடு வாடியது, தீவனம் விலையேறியது, பண்ணைகள் மூடப்பட்டன. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டையைக் கப்பலேற்றிக் கொண்டுவரவும் நேர்ந்தது.

கோழி வளர்க்கத் தொடங்குவது எப்படி என்று கேட்போருக்கு நான் கண்டவரையில் சொல்லக்கூடியது: ஐந்துடன் தொடங்குங்கள், ஐம்பதுடன் வேண்டாம். முட்டை மட்டும் போதுமென்றால் சேவல் தேவையில்லை. பண்டாரவளை, ஹப்புத்தளைக் குளிரில் ஒருநாள் குஞ்சுகளை வாங்குவது வீண் துணிச்சல். முதல் வாரம் அவற்றுக்கு 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். மின்குமிழைத் தொங்கவிட்டு இரவெல்லாம் காவல் இருக்க, விடிந்ததும் கொழுந்துக்குப் போகும் பெண்ணால் ஆகுமா? இரண்டு மாதம் கடந்த, தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுகளைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவதே நலம். இலவசமாகக் குஞ்சு வழங்குவோர் இதைக் கவனிப்பதில்லை. பெட்டியும் கையுமாக நிற்கும் பயனாளிகளின் படம் பத்திரிகை அலுவலகத்துக்கு உடனே வந்து சேரும். மூன்று மாதம் கழித்து எவரும் படம் அனுப்புவதில்லை!

கூடு நிலத்திலிருந்து இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மார்கழி மழை அடிக்கும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, மறுபக்கத்தைக் காற்றுக்கு விட்டுவிட வேண்டும். கம்பி வலையின் கண் சிறிதாக இருப்பது முக்கியம். கீரிக்கும் மரநாய்க்கும் தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும்.

இனம் எது என்பதில் பலருக்குக் குழப்பம். பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் நாளொன்றுக்கு 110 கிராமுக்குக் குறையாமல் தீவனம் கேட்கும், அடைகாக்கத் தெரியாது. ஊர்க்கோழி ஐம்பது, அறுபது முட்டையோடு நிறுத்திக்கொள்ளும். ஆயினும் குருணலும் தவிடும் புழுவும் கறையானும் தின்று தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். 21 நாள் அடைகிடந்து அடுத்த தலைமுறையையும் அதுவே தந்துவிடும். அடைக்கூடையில் இடி தாக்காதிருக்க ஓர் இரும்புத்துண்டைப் போட்டுவைப்பார் என் பாட்டி. இரும்பு காத்ததோ கோழியே காத்ததோ, குஞ்சுகள் பொரித்தன.

ஊர்க்கோழிக்கு மேய்வதற்கு நிலம் வேண்டும். சிக்கல் இங்கேதான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண்மணி என்னிடம் சொன்னார்: "ஐயா, கோழி வளக்குறது கஷ்டமில்ல. அது எங்க மேயுறதுங்கிறதுதான் கஷ்டம்." லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் கான், அதற்கப்பால் தோட்டத்தின் தேயிலை. இரவில் கோழிகள் இஸ்தோப்பில் கூடைக்குள் கிடக்கும். பகலில் பக்கத்துக் காம்பராக்காரரின் மரக்கறிப் பாத்தியைக் கிளறும். லயத்துச் சண்டைகளில் பாதி கோழியில் தொடங்குபவை என்று சொன்னால் மலையகத்தில் எவரும் மறுக்கமாட்டார்கள். இந்த மலைகளில் காடழித்துத் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கோழி கிளறுவதற்குச் சொந்தமாக ஒரு முழ மண் இல்லை என்பது எத்தகைய நியாயம்?

இத்தனைக்கும் கோழி தோட்டத்துக்குப் புதிதன்று. கவ்வாத்துத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்கும், தொழிற்சாலையில் ரோதைமுனிக்கும் சேவல் பலி கொடுத்தே வேலை பார்த்தவர்கள் எமது மக்கள். நேர்ந்துவிட்ட சேவலை எந்தச் சண்டையிலும் எவரும் கல்லால் அடிப்பதில்லை. பேட்டுக்கோழிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

2015இன் பின்னர் வந்த தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி ஒதுக்கப்பட்டது. சுமார் 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சுவதில் ஐந்தாறு கோழிகள் தாராளமாக வாழும். அந்த வீடுகளைப் பெற்றவர்களோ சொற்பம். லயத்தில் இருப்பவர்களே இன்னும் ஏராளம்.

நிலம் கிடைத்தாலும் நோய் விடுவதில்லை. இராணிக்கெத் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூடு காலியாகிவிடும். தமிழ்நாட்டில் இதை வெள்ளைக் கழிச்சல் என்பர்; ஆங்கிலேயர் தமது ஊரான நியூகாசலின் பெயரால் அழைத்தனர். இமயமலை அடிவாரத்து ஊரின் பெயர்தான் எம்மிடம் நிலைத்தது. இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் ஒரு குப்பி நூறு கோழிகளுக்கும் அதிகமானவற்றுக்குப் போதும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் முடித்துவிடவும் வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியே என்ன செய்வார்? லயம் முழுவதும் ஒரே நாளில் சேர்ந்தாலன்றி இது நடவாது.

மேலே சொன்ன பெண்மணி அதைத்தான் செய்தார். கோழிக்காகப் பேச்சுவார்த்தை அறுந்திருந்த வீடுகளுக்கும் தாமே போய், "ஞாயித்துக்கெழம காலைல கூடையைத் தொறந்துவிடாதீங்க" என்று சொல்லி வைத்தார். கால்நடை அலுவலகத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில், பனிக்கட்டிப் பெட்டியுடன் வந்தார். பிள்ளைகள் கோழிகளைப் பிடித்துக் கொடுக்க, கண்ணில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, பத்து மணிக்குள் வேலை முடிந்தது.

முட்டைக் காசு அவருடைய கணக்கு. சம்பளம் வீட்டுக்குள் வந்ததும் எங்கே போகிறதென்று தெரியாது என்றார். முட்டைக் காசு மட்டும் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. மூத்த மகள் பதுளையில் உயர்தரம் படிக்கிறாள். பஸ் செலவுக்கு அந்தப் பானையைத்தான் திறக்கிறார்கள். இளையவனுக்கு நாளுக்கு ஒரு முட்டை. அது விற்பனைக்கு இல்லை.