பெயரை நம்பி வாங்கிய வண்டி



உங்கள் இல்லத்தில் 'நம்ம கம்பெனி' என்று சொல்லப்படும் பெயர் ஏதேனும் உண்டா? தையல் இயந்திரம் என்றால் இன்ன பெயர், மின்விசிறி என்றால் இன்ன பெயர் என்று பெரியவர்கள் ஒரு காலத்தில் முடிவு செய்திருப்பார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏன் என்று கேளாமல் அதையே வாங்கி வருவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெருமை ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனிக்கு வாய்த்திருந்தது. அந்தப் பெருமையை நம்பி நான் சொன்ன ஒரு சொல், என் தங்கை மகனின் பிழைப்பில் எப்படி விழுந்தது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நத்தம் எங்கள் ஊர். கரந்தமலையின் அடிவாரத்துத் தோப்புகளும், மாம்பழமும் புளியும், தெருவுக்குத் தெரு ஓடும் சட்டைத் தையலும்தான் இங்கே பலருக்குப் பிழைப்பு. என் அத்தா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். கோடையில் விடிவதற்கு முன் தோப்புக்குச் செல்ல வேண்டும். தார்ச் சாலை முடிந்த பிறகு வண்டிப் பாதை, அதுவும் முடிந்தால் ஓடைமணல். 1986ஆம் ஆண்டு, ஒரு பருவத்து லாபம் முழுவதையும் போட்டு அவர் ஒரு நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1984க்கும் 1986க்கும் இடையே ஜப்பானியக் கூட்டோடு நான்கு நூறு சி.சி. வண்டிகள் நம் சாலைகளுக்கு வந்தன. இந்த்–சுசூகி, ஹீரோ ஹோண்டா, எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா, கவாசாகி பஜாஜ் என்பன அவை. அத்தா வாங்கியது அந்த நான்கில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியைப் பழிப்பது என் நோக்கமல்ல. பழிக்கப்பட வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த வண்டி இருபுறமும் மாம்பழக் கூடை சுமந்தது. எங்கள் அம்மாவைப் பேறுகாலங்களில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது. ஓடையில் விழுந்தது, எழுந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அது அத்தாவை நடுவழியில் நிறுத்தியதாக எங்கள் நினைவில் இல்லை. அத்தா வஃபாத்தான பிறகும் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் அது நிற்கிறது. அண்ணன், நான், சித்தப்பா மக்கள், மைத்துனர் என்று குடும்பத்தில் வாங்கப்பட்ட ஏழு வண்டிகளும் அதே பெயரைத் தாங்கியவை. வேறு வண்டியைப் பற்றி யாரேனும் பேச்செடுத்தால் அத்தாவையே குறை சொன்னதுபோல் எங்களுக்கு முகம் சுண்டிவிடும்.

வளையலைக் கொடுத்து வாங்கிய வண்டி

என் தங்கை மகன் சட்டைத் தொழிலில் இருக்கிறான். நத்தத்தில் வெட்டிய துணிக்கட்டுகளைச் செந்துறைப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய், வீட்டிலிருந்தபடி தைக்கும் பெண்களிடம் கொடுப்பான். தைத்த சட்டைகளை வாங்கிவந்து முதலாளியிடம் சேர்ப்பான். சட்டைக் கணக்கில்தான் அவனுக்கும் கூலி, அந்தப் பெண்களுக்கும் கூலி. 2021 ஆகஸ்டில் அவன் என்னிடம் வந்தான்.

"மாமு, புது வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். ரெண்டு மூணு கம்பெனி பார்த்து வச்சிருக்கேன். எது நல்லது?"

"நம்ம கம்பெனி இருக்கும்போது ரெண்டு மூணு எதுக்குப் பார்க்கிறே?" என்றேன். அவ்வளவுதான். அவன் பார்த்துவைத்த வண்டிகள் எவை என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியின் புதிய வண்டியை அதுவரை நான் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததுமில்லை.

வட்டிக்குக் கடன் வாங்க மனமின்றி, என் தங்கை தன் இரண்டு வளையல்களை விற்றுப் பணம் கொடுத்தாள். வண்டி வந்தது. அடைமழைக் காலம் முடிவதற்குள் சைலென்சரில் துரு ஏறியது. பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடிகளின் கொக்கிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. எட்டாம் மாதம், 2022 ரமலானில், பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பின் கேரியரைத் தாங்கும் இரும்புப் பட்டை பற்றவைத்த இடத்திலேயே விட்டுப்போயிற்று. மூட்டை சரிந்து சக்கரத்தில் சிக்கியது. நோன்போடு அவன் செந்துறைச் சாலையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன பாரத்துக்கு மேல் அவன் ஏற்றியிருக்கவில்லை.

உதிரிப் பாகம் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பெருநாள் விற்பனைக்கான சட்டைகள் உரிய நாளில் சேரவில்லை. முதலாளி கணக்கைப் பிடித்துக்கொண்டார். தைத்த பெண்களுக்குப் பெருநாளுக்கு முன் போய்ச் சேர வேண்டிய கூலி நின்றது. அவன் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தங்கைதான் சொன்னாள்: "நீங்க சொன்னதாலதாண்ணே அவன் வேற கடைப் பக்கமே போகலை."

வாசகர்களே, அன்றிரவு தராவீஹ் தொழுகையில் நின்றபோது என் மனம் தொழுகையில் இல்லை. ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராய் நடக்க வேண்டும் என்பது நாம் அறிந்த நபிமொழி. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை, முப்பத்தைந்து ஆண்டுப் பழைய நினைவு ஒன்றை வைத்துக் கணக்குத் தீர்த்திருந்தேன். மறுநாள், நின்றுபோன கூலியை என் கையிலிருந்து கொடுத்தனுப்பினேன். அது உதவியல்ல, என் வாய்க்கு நான் கட்டிய அபராதம்.

இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில்

அத்தா காலந்தொட்டு எங்கள் வண்டிகளைப் பார்த்துவரும் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தேன். திண்ணையோரம் பழைய வண்டி; அதன் பக்கத்தில் புதியது. பழையதில் கேரியர்ப் பட்டையின் சுற்று முழுவதும் பற்றவைத்திருந்ததைக் காட்டினார். புதியதில் இரண்டு முனைகளில் மட்டும் பொட்டு வைத்ததுபோல் பற்றவைப்பு. பழைய மட்கார்டைத் தட்டினார். குடத்தைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. புதியது பிளாஸ்டிக்.

ஆனால் அவர் நேர்மையானவர். "இரும்பைக் குறைச்சாத்தான் விலையும் குறையும், மைலேஜும் கூடும். எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்யறான். ஆனா பிரேக்குன்னு வந்தா புதுசுதாங்க நல்லது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் பிடிக்கும் அமைப்பும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதியால் புகை பெரிதும் குறைந்தது. அதற்காக கார்புரேட்டர் போய், சென்சாரும் மின்னணுப் பெட்டியும் வந்தன. ஸ்பானரும் அனுபவமும் மட்டும் இருந்தால் போதும் என்ற காலம் மரத்தடி மெக்கானிக்குக்கு முடிந்தது.

பழையவை எல்லாம் நல்லவை என்று கொள்வதும் தவறுதான். 1972இல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதன் தகடு உறுதியானது என்பது உண்மை; வேறு வண்டி எளிதில் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நாம் விசுவாசம் என்று எண்ணியதில் ஒரு பங்கு வேறு வழியின்மை. மேலைநாட்டுக் கதையும் ஒன்று உண்டு. அங்கே பண்ணைக் காடுகளில் மேடு பள்ளம் பாராமல் ஓட்டுவதற்கு ஏ.டி.வி. என்ற வண்டி இருக்கிறது. 1970இல் ஹோண்டா அதை மூன்று சக்கரத்தோடு அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. மக்கள் அதை மிகவும் விரும்பினார்கள். ஆனால் விபத்துகள் பெருகவே, 1988இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் மூன்று சக்கர வண்டியின் விற்பனையை நிறுத்தினார்கள். ஒன்றை நாம் விரும்புவதாலேயே அது நல்ல பொருளாகிவிடுவதில்லை.

பெயர் நிலைத்திருந்தாலும் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் மாறுகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. டி.வி.எஸ்ஸும் சுசூகியும் 2001இல் பிரிந்தன. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. தொட்டியில் ஒட்டிய எழுத்தை நாம் பார்க்கிறோம். வரைந்தவரும் வார்த்தவரும் பற்றவைத்தவரும் யார் என்று நமக்குத் தெரிவதில்லை.

அத்தாவின் நோட்டுப் புத்தகம்

பழைய வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு நோட்டு கிடைத்தது. அத்தாவின் கையெழுத்து. எண்ணெய் மாற்றிய தேதி, செயின் இறுக்கிய தேதி, டயர் மாற்றிய தேதி, கொடுத்த கூலி எல்லாம் வரிசையாக இருந்தன. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் அவர் வண்டியைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுவது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு பக்கத்தில், கேரியர் ஆட்டம் கண்டதால் சுற்றிலும் மறுபடி பற்றவைக்கச் செய்தது என்று எழுதி, மெக்கானிக்குக் கொடுத்த கூலியையும் குறித்திருந்தார்.

நான் வாயடைத்து நின்றேன். மெக்கானிக் எனக்குக் காட்டிய அந்தச் சுற்றுப் பற்றவைப்பு, அவரே மறந்துபோன அவருடைய வேலை! இத்தனை ஆண்டுகளாகக் கம்பெனியின் கணக்கில் நாங்கள் வரவு வைத்ததில் பெரும் பகுதி, ஒரு மனிதரின் வெள்ளிக்கிழமைக் காலைகளுக்கும் ஒரு பட்டறைக்காரரின் கைக்கும் உரியது. அந்த ஓட்டையை மூடிய அத்தாவின் பராமரிப்பைப் பின்பற்றாமல், அவர் வாங்கிய பெயரை மட்டும் நாங்கள் பின்பற்றியிருந்தோம்.

பிறகு பில்லையும், உத்தரவாத அட்டையையும், உடைந்த பாகத்தின் படத்தையும் இணைத்துக் கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லப்போவதாக இரண்டாம் கடிதம் எழுதிய பிறகே பாகம் இலவசமாக வந்தது. இழந்த வேலை திரும்ப வரவில்லை. மருமகன் வேறொரு முதலாளியிடம் குறைந்த கூலிக்குத் தொடங்கியிருக்கிறான்.

எனவே, அன்பு வாசகர்களே, வண்டி வாங்குமுன் அதே வண்டியை உங்கள் ஊர்ச் சாலையில் இரண்டு ஆண்டாவது ஓட்டிய மூன்று பேரைக் கேளுங்கள். மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று, பளபளப்பை விட்டுப் பற்றவைப்பையும் தாங்கு பட்டைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். உதிரிப் பாகம் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளுக்கு உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம்.

உங்களிடம் யாரேனும் "எது நல்லது?" என்று கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். சென்ற மாதம் பக்கத்து வீட்டு இளைஞர் அந்தக் கேள்வியோடு வந்தார். "1986இல் செய்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும் தம்பி, இப்போது செய்வதைப் பற்றித் தெரியாது" என்று சொல்லி, மருமகனின் வண்டியைக் காட்டி அவனிடமே கேட்கச் சொன்னேன். அவன் குறையையும் சொன்னான், பிரேக்கின் நிறையையும் சொன்னான். அவன் வண்டிப் பெட்டியில் இப்போது ஒரு சிறு நோட்டு இருக்கிறது. பிந்திய வரிகள் அவன் எழுதியவை. முதல் பக்கத்துத் தேதிகளை அத்தாவின் நோட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

வல்ல இறைவன் நம் நாவுகளை அமானிதம் பேணும் நாவுகளாக ஆக்கி அருள்வானாக!