பென்சில் வட்டங்கள்

அம்மாவின் அலமாரியை ஒழுங்கு செய்யும்போது 1996ஆம் ஆண்டின் மாதக் காலண்டர் ஒன்று கிடைத்தது. மளிகைக் கடையில் கொடுத்தது. மேலே முருகன் படம், கீழே ராகுகாலம். நடுவில் சில தேதிகளைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தார். ஏறக்குறைய எல்லாத் தேதியின் ஓரத்திலும் ஒரு சின்னப் புள்ளி. ஏப்ரல்வரை ஒவ்வொரு மாதத்தின் கடைசிக் கட்டத்திலும் ஓர் எண். ஜனவரியில் 74. பிப்ரவரியில் 74. மார்ச்சில் 73½. ஏப்ரலில் மறுபடியும் 74.

அந்த எண் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. கிளினிக்கில் அம்மா எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நின்றபோது பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்றிருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடந்து எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முள் 74இல் நின்றது. நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே, "நடந்திருந்தா இறங்கியிருக்கும்மா. உண்மையைச் சொல்லுங்க, நடக்குறீங்களா இல்லியா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. மஞ்சள் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு நானும் நர்ஸ் சொன்னதைத்தான் நம்பினேன். இத்தனை வருடம் கழித்து அது என்னை உறுத்துகிறது.

புள்ளிகள் பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் ஃப்ளாட்டைச் சுற்றி அவர் நடந்த நாள்கள். வட்டங்கள் தண்ணீர்மலை ஏறிய நாள்கள். ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறும்போது வட்டமும் வேறு கிழமைக்கு நகர்ந்திருக்கிறது. மே மாதத்தில் ஐந்து வட்டம்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். ஒரு படி 17 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறும் உயரம் 87 மீட்டர். 74 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான சக்தி வெறும் 15 கலோரி. நம் தசைகள் செலவழிப்பதில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. அப்படிப் பார்த்தாலும் மேலே போய்ச் சேர 60 கலோரி. தே தாரிக் கலக்கும்போது ஊற்றுகிற டின் பால் ஒரு மேசைக்கரண்டி அளவுக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு வரும். மூச்சு வாங்கி, முழங்கால் நடுங்கி, படிக்குப் படி முருகா முருகா என்று ஏறிய ஏற்றம் அவ்வளவுதான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை என்று வருடம் முழுக்க ஏறினாலும் அந்த ஒரு கிலோ கரையாது. மூன்று கிலோமீட்டர் காலை நடைக்கு ஒரு 150 கலோரி போகும். ஒரு ரொட்டி சானாயில் 300 அளவுக்கு இருக்கிறது.

நர்ஸுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1956லேயே உழைப்பையும் எடையையும் பற்றி ஓர் ஆய்வு வந்துவிட்டது. அதுவும் ஏதோ குளிர்தேசத்தில் நடந்தது அல்ல, கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் செங்காயில் என்ற ஊரில், ஒரு சணல் மில்லில். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹார்வர்டில் இருந்த ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர், ராய், மித்ரா என்ற இருவரோடு சேர்ந்து 213 ஆண்களை ஆராய்ந்தார். யார் எவ்வளவு சாப்பிடுகிறார், என்ன எடை, என்ன வேலை என்று வரிசைப்படுத்தினார்கள். ஒரு கோடியில் கடையில் உட்கார்ந்தே இருப்பவர்களும் மேற்பார்வையாளர்களும். பிறகு எழுத்தர்கள், டிரைவர்கள், நெசவாளர்கள். மறு கோடியில் கரியும் சாம்பலும் அள்ளுகிறவர்கள், பொதி சுமக்கிறவர்கள்.

லேசான வேலையிலிருந்து கடும் வேலைவரை போகப்போக ஆட்கள் மெலிந்துகொண்டே போகவில்லை. வேலை கூடக்கூடச் சாப்பாடும் கூடியது, எடை ஒரே மட்டத்தில் நின்றது. சாம்பல் அள்ளுகிறவர் கூடுதலாகச் செலவழித்ததைக் கூடுதலாகச் சாப்பிட்டு ஈடுகட்டிவிட்டார். பசிக்கு அவ்வளவு துல்லியமான கணக்கு தெரிந்திருக்கிறது. ஆனால் கடைக்காரர்களிடமும் மேற்பார்வையாளர்களிடமும் அந்தக் கணக்கு பிசகியிருந்தது. அவர்கள் மூட்டை சுமக்கிறவர்களுக்கு நிகராகச் சாப்பிட்டார்கள், எடையும் மற்றவர்களைவிட நன்றாகவே கூடியிருந்தது. உடம்பு அசைவதே நின்றுபோனால், எவ்வளவு வேண்டும் என்று பசிக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விடுகிறது.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பெண்கள்தான் கண்முன் வந்தார்கள். பாட்டி கெடா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மரம் மரமாக நடந்து, மதியம் பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கம்பில் தூக்கி வருவார். கடைசிவரை ஒல்லி. ஆனால் அந்த ஒல்லிக்கு நடை மட்டும் காரணமில்லை, சட்டியில் இருந்ததும் கொஞ்சம்தான். அம்மா 1978இல் பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தார். நெல்வயலாக இருந்த இடத்தில் 1972இல்தான் அது தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்ததும் அதே வருடம் அங்கேதான். அம்மா வேலை பார்த்தது வேறொரு ஃபேக்டரி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. கை விரலும் கண்ணும் தவிர வேறெதுவும் அசையக்கூடாது. நைட் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் பயங்கரப் பசி, கேட்டுக்கு எதிரே மாமாக் கடை. தூக்கம் குறைந்த உடம்புக்கு அதிகமாகப் பசிக்கும். செங்காயில் கடைக்காரர்களை ஆராய்ந்தவர்கள் அந்த ஃபேக்டரிக்கு வந்திருந்தால் அம்மாவை நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

2012இல் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ஹெர்மன் போன்ட்ஸர் என்பவரின் குழு, வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் தான்சானியாவின் ஹட்சா மக்களின் சக்திச் செலவை அளந்தது. தினமும் மைல்கணக்கில் நடக்கிறவர்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த சக்தி அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளுடையதைவிட அதிகம் இல்லை. நடையில் கூடுதலாகச் செலவானால் உடம்பு வேறு இடங்களில் பிடித்துக்கொள்கிறது என்பது போன்ட்ஸரின் விளக்கம். எல்லா ஆய்வாளரும் இதை முழுதாக ஏற்கவில்லை. எனக்கு அம்மாவின் சம்பளக் கவர்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடச் செலவு வந்த மாதம் மீன் குறையும். கவரில் இருப்பது கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

அப்படியானால் அந்தப் புள்ளியும் வட்டமும் வீணா என்று என் தங்கை கேட்டாள். இல்லை. அசையும் தசை, எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. முள் அதே இடத்தில் நிற்கும்போதே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு குறைய முடியும். சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கியவர்களுக்கு, அது மறுபடி ஏறாமல் காக்க நடை உதவுகிறது. அம்மாவின் சர்க்கரை இன்றும் ஒரு மாத்திரையோடு நிற்கிறது. இதையெல்லாம் எடை பார்க்கும் மெஷின் காட்டாது. அன்றைக்கு ஒருவர், "நீங்க நடக்குறது நல்லதும்மா, எடைக்கு வேற வழி பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும், அந்த பஸ் பயணம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அம்மா அந்தக் கிளினிக்குக்குப் போவதை ஏப்ரலோடு நிறுத்திவிட்டார். எடை எழுதுவதும் அதோடு நின்றுவிட்டது. ஆனால் வட்டங்கள் டிசம்பர்வரை போகின்றன. காட்ட வேண்டிய ஆள் யாரும் இல்லாதபோது எதற்குக் குறித்துவைத்தார்?

காலண்டரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மே மாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாள் முழுக்க ஊசிமுனை தூரத்துலயே பார்த்துக்கிட்டிருந்த கண்ணும்மா," என்றார். "மலைக்கு மேல போனா கடல் தெரியும். கப்பல் தெரியும். எத்தனை தடவ பார்த்தேன்னு எழுதி வச்சேன்."