கொட்டாப்புளி

தச்சுக் கருவிகளுள் உளிக்கும் அரத்திற்கும் கொல்லன் உலை வேண்டும். கொட்டாப்புளிக்கு அது வேண்டா. நன்கு உலர்ந்த கட்டை ஒன்றும் நான்கு மாலைப்பொழுதும் கிடைத்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். திருவனந்தபுரத்தில் எம் இல்லத்தின் பின்புறம், முன்பு விறகு அடுக்கிய சாய்ப்பே இன்று எம் பணிக்கூடம். சென்ற ஆண்டு அங்கு ஒன்று செய்தோம்.

எந்தையார் விட்டுச்சென்ற உளிகள் ஆறு உண்டு. அவற்றின் மரப்பிடிகளை இரும்புச் சுத்தியலால் அடித்தால் தலை நைந்து பிளந்துவிடும். மரத்தை மரமே அடிக்க வேண்டும். அடி அகன்ற முகத்தில் பரவும், பிடியும் பிழைக்கும்.

உடனிருந்த பேத்தி, "தாத்தா, இது கொட்டுவடிதானே?" என்றாள். மலையாளத்தில் அதுவே பெயர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைதான். ஆயினும் வீட்டில் செய்யாத வேலைக்கு வீட்டுமொழியில் பெயர் எங்ஙனம் தங்கும்? "கொட்டாப்புளி" என்றோம். "புளி எங்கே?" என்றாள்.

கட்டையே புளியங்கட்டைதான். புளியமரத்தின் வைரம் கருஞ்சிவப்பு; இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளவாது. வெளிப்புற வெண்மரத்தைப் பூச்சி அரிக்குமாதலால் அதை நீக்கினோம். ஆயினும் சொல்லில் உள்ள புளி இம்மரம் அன்று என்பது எம் எண்ணம். இழைப்புளியில் உளி இருப்பதுபோல, இதிலும் கொட்டு, ஆப்பு, உளி என மூன்றையும் காண விரும்புகிறோம். புலவர்கள் பொறுத்தருள்க.

தலையின் நீளம் 5 அங்குலம். இது ஆங்கில அங்குலமன்று; 24 அங்குலம் ஒரு கோல் எனக் கொள்ளும் கேரளத்து ஆசாரிமாரின் கணக்கு. அவர்தம் அங்குலம் 3 சென்டிமீட்டர். இரு முகங்களும் பிடியின் பக்கமாகச் சற்றே ஒடுங்கவேண்டும். கை முழங்கையிலிருந்து வளைந்து வீசுவதால், அவ்வாறு சரிந்த முகமே உளிப்பிடியின்மீது தட்டையாக விழும்.

வேலையின் உயிர் துளையில் இருக்கிறது. அதன் மேல்வாய் அகன்றும் கீழ்வாய் குறுகியும் இருத்தல் வேண்டும். பிடியும் அதற்கேற்ப மேலே பருத்திருக்க வேண்டும். மேலிருந்து பிடியை நுழைத்தால், ஒவ்வொரு வீச்சும் தலையைப் பருத்த முனைக்குத் தள்ளி இறுக்கும். ஆணியும் வேண்டா, பசையும் வேண்டா. குந்தாலிக்குக் காம்பு போடும் முறையும் இதுவே. பிடிக்குக் கருவேலம், திருநெல்வேலியிலிருந்து உறவினர் கொணர்ந்தது.

துளை வெட்டிய இரு மாலைகளும் பேச்சிலே கழிந்தன. உளி, அரம், ஆணி மூன்றும் இரு மொழிக்கும் பொது என்றறிந்து பேத்தி வியந்தாள். ரம்பத்தை மலையாளத்தார் வாள் என்பர். அஃது ஈர்வாள் என்னும் நம் பழஞ்சொல்லின் உறவு. நாம் கைவிட்டதை அண்டைவீட்டார் பேணுகின்றனர்! 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எம்போன்ற குடும்பங்கள் இந்நகரிலேயே நின்றன. கல்குளத்துப் பத்மநாபபுரம் மரமாளிகை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. பேணுவது கேரள அரசு. இங்குக் குதிரைமாளிகையின் இறவாரத்தைத் தாங்கும் 122 மரக்குதிரைகளைச் செதுக்கிய கைகள் தம் கருவியை எப்பெயரால் அழைத்தனவோ என்றாள் பேத்தி. கொட்டிய ஓசை ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்றோம்.

இடவப்பாதி மழையில் மரம் ஈரம் குடித்துப் பருக்கும். கும்ப, மீன மாதங்களில் சுருங்கும். இவ்வாண்டு கும்பத்தில் பிடி சற்றே ஆடிற்று. பிடியின் பருத்த முனையைப் பலகையில் இருமுறை குத்தி, அவளே இறுக்கிவிட்டாள். இனி இழைப்புளி ஒன்று செய்யவேண்டுமாம். அதற்கு இரும்பு வேண்டும். ஞாயிறன்று அவளுடன் சாலைக் கடைத்தெருவிற்குச் செல்லவேண்டும்.