செர்வோவில் மிச்சமிருக்கும் மூன்று மிதி

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. இறக்கம்தான் பயம். கம்போங் ராஜாவில் கோபிசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் ஈப்போ சந்தைக்கு வந்து சேர வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக். அப்படி ஓடி ஓடித் தேய்ந்த ஒரு பழைய டீசல் பிக்கப், சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையோரப் பட்டறையில் முன்மூடியைத் திறந்தபடி நின்றது.

"நேத்து ஒரு வளைவுக்கு முன்னால எஞ்சின் செத்துப் போச்சுண்ணே. கிளச்ச மிதிச்சுக்கிட்டே பிரேக்கப் போட்டா, பெடல் கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு காலையும் வச்சு அமுக்கித்தான் நிறுத்துனேன்" என்றார் ஓட்டுநர். சொல்லும்போதே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஸ்பேனரைத் தொடாமல் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். பிரேக்கை மிதித்தார். முதல் மிதியிலேயே பெடல் முரண்டு பிடித்தது. நல்ல வண்டியில் முதல் மிதி ஆழமாக இறங்கும். இரண்டாவது சற்று மேலே நிற்கும். மூன்றாவது இன்னும் மேலே. பிறகுதான் இறுகும். அடுத்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே எஞ்சினை முடுக்கினார். காலுக்கடியில் பெடல் மெல்ல இறங்கியது. "செர்வோ நல்லாத்தான் இருக்கு தம்பி. பிடிச்சு வைக்கிற சாமான்தான் போச்சு" என்றார். பட்டறையில் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செய்யாமலேயே 'செர்வோ போச்சு' என்று பல நூறு ரிங்கிட்டுக்கு ஆளை இழுத்துவிடும் பட்டறைகளும் இருக்கின்றன. ஆகவேதான் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

செர்வோ என்பது பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் பம்புக்கும் நடுவில் பொருத்தியிருக்கும் கறுப்பு இரும்புக் கூடு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. இரு அறைகளிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் கால் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று புகும். அந்தக் காற்றே சவ்வைத் தள்ளுகிறது. ஒன்பது அங்குல விட்டமுள்ள சவ்வின்மேல் அந்தத் தள்ளல் 250 கிலோ எடைக்குக் குறையாது. பெல்ஜியப் பொறியாளர் அல்பேர் தெவாந்தர் 1927-ல் கண்டுபிடித்த ஏற்பாடு. இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போதே தானாக வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது போதாது. அதற்கென்று தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். பழைய பிக்கப்புகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தாலும் அதே கதிதான். அந்த நேரத்தில் செர்வோவுக்குள் இருக்கும் வெற்றிடம் பம்ப் வழியாகத் திரும்பிப் போய்விடாமல் தடுப்பதுதான் செக் வால்வு. விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு. காற்றை ஒரு பக்கமாக மட்டுமே போகவிடும். அது ஒழுங்காக இருந்தால் எஞ்சின் செத்த பிறகும் இரண்டு மூன்று மிதிக்குச் செர்வோவின் பலம் கிடைக்கும். மலைச்சாலையில் ஓர் உயிருக்கு அந்த மூன்று மிதி போதும்.

கழற்றும் வேலையைப் பட்டறைப் பையனிடம் கொடுத்தார். முதலில் பெடலை நாலைந்து முறை மிதிக்கச் சொல்லி, மிச்சம் மீதி வெற்றிடத்தைத் தீர்த்தார். கிளிப்பை நகர்த்தி, ஹோஸை இழுக்காமல் முறுக்கிக் கழற்றச் சொன்னார். வால்வு செர்வோவின் முகத்தில் ஒரு ரப்பர் குரோமெட்டுக்குள் செருகியிருந்தது. பையன் ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

"டேய், அத வை. குத்துனா குரோமெட் உள்ள விழுந்துரும். அப்புறம் முழு செர்வோவையும் இறக்கணும்."

பையன் கையாலேயே வால்வை இடமும் வலமும் ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தான். பட்டறைக்காரர் அதைத் துணியில் துடைத்து அவனிடமே நீட்டினார். செர்வோ பக்கத்திலிருந்து ஊதினான், காற்று போனது. எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினான், அப்போதும் போனது. "ரெண்டு பக்கமும் போகுது அங்கிள்" என்றான். பெடல் இறுகியதற்குக் காரணம் வால்வுதான் என்று அதிலேயே முடிவாயிற்று.

அவர் ஹோஸை எடுத்துப் பார்த்த விதத்தை மறக்க முடியவில்லை. முதலில் முகர்ந்தார். முனையை மடக்கி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்த தடம் மறையவில்லை. "எண்ணெய் குடிச்சிருக்கு. உள்ள ஊதிப் போச்சு, வெளியில சூட்டுல வெடிச்சிருக்கு. நம்ம பால்மரத்து ரப்பரா இருந்தா இன்னும் சீக்கிரமே ஊதியிருக்கும். எண்ணெய்க்கும் அதுக்கும் ஆகாது." இது பாடப்புத்தக உண்மை. இயற்கை ரப்பர் இழுவைக்கும் உழைப்புக்கும் ஈடில்லாதது. கனரக லோரி டயர்களிலும் விமான டயர்களிலும் இன்றும் அதன் பங்கு பெரிது. கனிம எண்ணெய் பட்டால் மட்டும் உப்பிக் குழைந்துவிடும். எண்ணெய் படுகிற இடத்துக்கெல்லாம் அதற்கேற்ற செயற்கை ரப்பர்தான் தாங்கும். ஆனால் இவர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. "எங்கம்மா பால் வெட்டுனவங்க. ஒட்டுப்பால் பொறுக்குனதுலேருந்து ஸ்டோர்ல ஷீட்டு காயப் போட்டது வரைக்கும் ரப்பர்லதான் வளந்தேன். நல்ல ஷீட்டா, கெட்டதான்னு கையில எடுத்தாத் தெரிஞ்சிரும்."

இந்த மண்ணில் ரப்பருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1877-ல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றின் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது; சுற்றுலா வருபவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வரக் கூடாதென்று தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டி, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் துன் சம்பந்தன். அவர் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களை. மற்றவற்றில் பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது.

இந்தப் பட்டறைக்காரரின் தோட்டமும் அப்படித்தான் போனது. பள்ளியை முடித்ததும் முடிக்காததுமாக ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறைக்கு வேலைக்கு வந்தார். முதலில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் வேலைதான். தோட்ட மக்களின் துயரத்தை நாம் நிறைய எழுதியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் அவர்களோடு கூடவே வந்த அறிவை யாரும் கணக்கெடுக்கவில்லை. தோட்டத்து லோரியையும் டிராக்டரையும் ஷீட் உருளையையும் ஜெனரேட்டரையும் ஓட்டியும் பழுது பார்த்தும் பழகிய கைகள் அவை. ரப்பரை முகர்ந்தே அதன் ஆயுளைச் சொல்லும் மூக்கு எந்தச் சான்றிதழிலும் பதிவாகாது. அது இல்லாமல் ஈப்போவுக்கு ஒரு காய்கறி வண்டிகூடப் பத்திரமாக மலையிறங்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்பேர் பாட் கடையிலிருந்து புது வால்வு வந்தது. அதையும் இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்த பிறகே கையில் வைத்துக்கொண்டார். போலிச் சரக்கு நிறைய வருகிறதாம். புதுக் குரோமெட்டின் உள்விளிம்பில் ஒரு சொட்டு பிரேக் எண்ணெய் தடவினார். எஞ்சின் எண்ணெயையோ கிரீஸையோ தடவினால் சுலபமாக வழுக்கிப் போகும்; அந்த ரப்பரும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஹோஸ் விஷயத்தில் இன்னும் கறார். சாதாரணத் தண்ணீர் ஹோஸைப் போட்டால் உறிஞ்சும்போது சுவர் ஒட்டிக்கொள்ளும். வேக்கம் ஹோஸ்தான் வேண்டும் என்று பையனைக் கடைக்குத் திருப்பி அனுப்பினார். பொருத்துவதற்கு ஆன நேரத்தைவிட இந்தக் காத்திருப்புதான் அதிகம்.

எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். உடனே மிதிக்கவில்லை. பக்கத்துக் கடையில் தே தாரேக் குடித்துவிட்டு வந்த பிறகு ஓட்டுநரையே உட்காரச் சொன்னார். முதல் மிதி இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதும் பாதி இறங்கியது. ஓட்டுநர் சிரித்துவிட்டார். வால்வு, குரோமெட், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் ரிங்கிட்.

காசை வாங்கியும் சாவியைக் கொடுக்கவில்லை. பழைய ஹோஸைக் கவிழ்த்துக் காட்டினார். கறுப்பாக எண்ணெய் வடிந்தது.

"இது எங்கேருந்து வருது? ஆல்டர்னேட்டர் பின்னால இருக்கிற பம்ப் சீல் விட்ருச்சு. வால்வு கெட்டதே இதனாலதான். அத மாத்தலன்னா இந்த வால்வும் போயிரும். எண்ணெய் செர்வோ உள்ள போனா சவ்வும் போயிரும். எப்ப கொண்டாற?"

"அடுத்த மாசம் பாக்கலாம்ணே."

"அடுத்த மாசம்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை உனக்கு லோடு இல்ல, எனக்குத் தெரியும். காலையிலேயே வந்துரு. காசு அப்புறம் பேசிக்கலாம். அது வரைக்கும் மலையில கீழ் கியர்லயே இறங்கு, கிளச்ச மிதிச்சுக்கிட்டு உருட்டாத."

ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்ட பிறகே சாவி கைமாறியது.